வீல்சேரில் இருப்பவருக்கு உடை: குன்னூர் தையல்கார அக்காவிடம் கேட்டவை

கோத்தகிரியிலிருந்து: அக்கா, மரத்திலிருந்து விழுந்து என் தம்பிக்கு முதுகுத்தண்டில் அடி. வீல்சேரில் உட்கார்ந்தால் பேன்ட் பின்னால் இறங்கி இடுப்பு தெரிகிறது, இந்தக் குளிரில் பாவமாக இருக்கிறது. ஒரு சைஸ் பெரிதாக வாங்கியும் அப்படியேதான்.

சைஸ் பெரிதானால் துணி அடியில் சேர்ந்து மடிப்பு விழும், அது இன்னும் கெடுதல். கடையில் தொங்குகிற பேன்ட் எல்லாம் நிற்கிறவருக்கு வெட்டியது. தம்பியை வீல்சேரில் உட்காரவைத்தே அளவு எடுக்கச் சொல்லுங்கள். நான் பின்பக்கத்தை 3 அங்குலம் உயர்த்துவேன், முன்பக்கத்தை ஒன்றரை அங்குலம் இறக்குவேன். இறக்காவிட்டால் வயிற்றில் துணி குவியும். முழங்கால் மடங்கும்போது பேன்ட் மேலே ஏறுமே, அதற்காகக் கால் நீளம் 2 அங்குலம் கூடுதல்.

பின் பாக்கெட் வேண்டவே வேண்டாம். ஜீன்ஸின் பித்தளைக் குமிழும் தடித்த தையலும் உணர்ச்சியில்லாத இடத்தில் நாள் முழுக்க அழுத்தினால் புண் வரும். பாக்கெட்டைத் தொடைமேல் வையுங்கள். சாயங்காலம் கழற்றியதும் உட்காரும் இடத்தைத் தினமும் பாருங்கள். விரலால் அமுக்கினாலும் வெளுக்காத சிவப்பு இருந்தால் அங்கே பாரம் விழவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாமலே போகும். சுற்றியுள்ள தோலைவிடக் கறுப்பாக, சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

அவரே மறுபடி: ராத்திரி கால் ஜில்லென்று இருக்கிறது. ஹாட் வாட்டர் பேக் வைக்கலாமா?

வைக்காதீர்கள். சூடு அவருக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும். கரி அடுப்பு ஓரமாக வீல்சேரை நிறுத்துவதும் ஆபத்துதான். தளர்வான கம்பளி சாக்ஸும் கம்பளியும் போதும். சாக்ஸ் விளிம்பு காலில் பள்ளமாகப் பதிந்தால் அது இறுக்கம். நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவருக்கு இறுக்கமான பெல்ட், மடங்கிய கத்தீட்டர் (சிறுநீர் வெளியேற வைக்கும்) குழாய் இவற்றாலேயே ரத்த அழுத்தம் சட்டென்று ஏறலாம். திடீர் தலைவலி, முகத்தில் வியர்வை வந்தால் நிமிர்த்தி உட்காரவைத்து, உடையைத் தளர்த்தி, குழாயைப் பாருங்கள். அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

ஊட்டியிலிருந்து: அம்மாவுக்குப் பக்கவாதம், வலது கை வராது. ஸ்வெட்டர் போட்டு முடிப்பதற்குள் இரண்டு பேருமே அழுதுவிடுகிறோம்.

போடும்போது வராத கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். இதை மாற்றினாலே பாதிப் பாடு தீரும். தலைவழியாகப் போடுகிற ஸ்வெட்டரை எடுத்து வைத்துவிட்டு, முன்பக்கம் திறப்பதாக வாங்குங்கள். ஸ்வெட்டர் கையின் மணிக்கட்டு வழியே உங்கள் கையை உள்ளே விட்டு, அம்மாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டு, துணியை அவர் கைமேல் ஏற்றுங்கள். கையை இழுக்காதீர்கள், தோள்மூட்டு தாங்காது. நல்ல கையை அம்மாவே நுழைக்கட்டும், நேரமானால் ஆகட்டும். அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

பட்டனை அழகுக்கு மேலே தைத்துவிட்டு அடியில் வெல்க்ரோ வைக்கலாம். துவைக்கும் முன் அதை ஒட்டி மூடிவிடுங்கள், இல்லையென்றால் கம்பளி நூலெல்லாம் அதில்தான் இருக்கும். காந்த பட்டன் சுலபம். ஆனால் இதயத்துடிப்புக்காகப் பேஸ்மேக்கர் கருவி வைத்தவருக்கு வேண்டாம்.

கோத்தகிரி பக்கத்துக் கிராமத்திலிருந்து: எங்கள் படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்த வேண்டும் என்று பாட்டி ஆசைப்படுகிறார். எழுந்து நிற்க முடியாது.

பாட்டி கட்டாயம் உடுத்தட்டும். வெள்ளைத் துணியைப் பின்பக்கம் திறந்த பாவாடைபோல் தைத்து, இடுப்பின் பக்கவாட்டில் நாடா வையுங்கள். மடியில் விரித்து, இரு ஓரத்தையும் தொடைக்கு வெளியே செருகினால் போதும், தூக்கவே வேண்டாம். உள்ளே மெல்லிய பருத்திப் பேன்ட். முன்னால் பார்ப்பவருக்கு முழு உடைதான். முதலில் பழைய துணியில் வெட்டி, பாட்டி மடியில் போட்டுப் பாருங்கள்.

மஞ்சூரிலிருந்து: மழைக்கு என்ன போடுவது அக்கா?

முன்னால் முழங்கால் தாண்டியும் பின்னால் இடுப்போடும் நிற்கிற மழைக்கோட்டு. பக்கவாட்டில் சக்கரத்தை எட்டவே கூடாது, சால்வை நுனியும் அப்படித்தான். உள்ளே சீக்கிரம் காய்கிற ஃப்ளீஸ் துணியில் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். நம் மழைக்காலத்தில் தடித்த பருத்தி காய்ந்தபாடில்லை, ஈரத்துணியோடு உட்காரவைத்தால் தோல் ஊறிவிடும்.