மாமனார் பார்த்த மேட்ச்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். என் மாமனாருக்கு 74 வயது. கைலி வியாபாரம் செய்து ஓய்ந்தவர். காலையில் மாத்திரை போட்டோமா இல்லையா என்பதே மத்தியானம் அவருக்கு மறந்துவிடும். ஆனால் 1983-ல் ஜிம்பாப்வேயோடு கபில்தேவ் அடித்த 175-ஐ எதிர்வீட்டு டயனோரா டிவியில் பார்த்ததாக ஷாட் ஷாட்டாகச் சொல்வார். போன வாரம் ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகன் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, “தாத்தா, அந்த மேட்ச்சுக்கு வீடியோவே கிடையாது, சும்மா அடிச்சு விடறீங்க” என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவர் யாரிடமும் பேசுவதில்லை. ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்கிறார். எனக்குக் கிரிக்கெட் தெரியாது. தோற்கப் போன ஆட்டத்தை ஜெயித்தால் மட்டும் ஏன் அதை ஆயுசு முழுக்கச் சுமக்கிறார்கள்? ஜெயித்த சந்தோஷம்தானா? அவர் பொய் சொல்கிறாரா?

ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமனார் பொய் சொல்லவில்லை. உங்கள் பையன் சொன்னதும் தப்பில்லை.

1983 ஜூன் 18, உலகக் கோப்பை ஆட்டம், இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற சின்ன ஊர். இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட். அங்கிருந்து கபில்தேவ் அவுட் ஆகாமல் 175. ஒன்பதாவது விக்கெட்டுக்கு அவரோடு நின்ற கிர்மானி 24. அவர்கள் இருவரும் சேர்த்தது 126 ரன், கடைசிவரை பிரியவே இல்லை. 31 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம். அந்த ஆட்டத்துக்கு வீடியோ பதிவு இல்லை என்பது உண்மைதான். மைதானத்தில் இருந்தவர்களைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை.

அப்படியானால் எதிர்வீட்டு டிவியில் அவர் பார்த்தது என்ன? அதற்கு முன்னால் ஒரு பேராசிரியரின் கதை. அமெரிக்க மனவியலாளர் உல்ரிக் நைசர். 1941 டிசம்பர் 7 அன்று, சின்னப் பையனாக ரேடியோவில் பேஸ்பால் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தபோது, நடுவில் நிறுத்தி, பேர்ல் ஹார்பர் என்ற அமெரிக்கக் கடற்படைத் தளம் தாக்கப்பட்ட செய்தியைச் சொன்னார்கள் என்பது அவருடைய அழியாத ஞாபகம். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அவருக்கே உறைத்தது, டிசம்பரில் ஏது பேஸ்பால்? அமெரிக்காவில் அது கோடைக்கால ஆட்டம். அப்புறம் வேறு இருவர் துருவிப் பார்த்து ஒன்று சொன்னார்கள். அன்றைக்கு நியூயார்க்கில் ஒரு அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடந்திருக்கிறது, ஜயன்ட்ஸுக்கும் டாட்ஜர்ஸுக்கும். இரண்டுமே பேஸ்பால் அணிகளின் பெயர்கள்! ரேடியோ நிஜம், செய்தி நிஜம், அணிகளின் பெயரும் நிஜம். ஆட்டம் மட்டும் மாறிப்போயிருந்தது.

அதே நைசர், 1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையில், செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் திரும்பக் கேட்டார். நாலில் ஒருவருக்கு எல்லாமே தப்பு. ஆனால் சொன்ன விதத்தில் தயக்கமே இல்லை.

பேராசிரியர் எதற்கு, என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். 2001-ல் கொல்கத்தாவில் ஆஸ்திரேலியாவோடு நடந்த டெஸ்ட்டில் லக்ஷ்மணும் திராவிடும் நாள் முழுக்க விக்கெட்டே விழாமல் ஆடியதை, ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரியில் மச்சான் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன் என்று இருபது வருஷமாகச் சொல்லி வந்தேன். ஆம்பூர் பிரியாணிப் பொட்டலம், எண்ணெய்க் கத்தரிக்காய், சாப்பிட்ட கை காய்ந்துபோயும் கழுவ எழுந்திருக்காமல் நாலு பேர். பார்ட்னர்ஷிப் ஓடும்போது யாரும் இடம் மாறக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஒரு நாள் இதை எழுதலாம் என்று உட்கார்ந்து தேதியைப் பார்த்தேன். மார்ச் 14. புதன்கிழமை.

புதன்கிழமை நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே டிவி ஏது?

அந்த ஞாயிறு எங்கிருந்து வந்தது என்று மச்சான்தான் சொன்னான். 1999 ஜனவரி 31, சேப்பாக்கம், பாகிஸ்தானோடு டெஸ்ட். ஜெயிக்க 271. 82-க்கு 5 போய்விட்டது. சச்சின் முதுகு வலியோடு 136 அடித்து, இன்னும் 17 ரன்தான் என்ற இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து நான் கை கழுவ எழுந்து போனேனாம். சச்சின் அவுட். மீதி மூணு பேரும் நாலே ரன்னில் காலி. 12 ரன்னில் தோல்வி. “நீ கை கழுவினதாலதான்டா போச்சு” என்று இன்றுவரைக்கும் சொல்கிறான். இரண்டு அர்த்தத்திலும்தான் சொல்கிறான்.

ஆக, தோற்ற மேட்ச்சின் பிரியாணியை எடுத்து ஜெயித்த மேட்ச்சுக்குப் பரிமாறியிருக்கிறேன். இதிலேயே உங்கள் ஒரு கேள்விக்கு விடை இருக்கிறது. ஜெயித்த சந்தோஷம் மட்டும்தான் காரணமென்றால், சேப்பாக்கத்தை எப்போதோ மறந்திருக்க வேண்டும். அன்றைக்கு மைதானமே எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டியது. அங்கே இருந்தவர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கப்பு வாங்கிய எத்தனையோ தொடர்கள் எனக்குச் சுத்தமாக ஞாபகமில்லை.

சரி, கொல்கத்தா ஆட்டத்தில் எனக்கு நிஜமாகவே ஞாபகம் இருப்பது எது? செவ்வாய் சாயங்காலம். இந்தியா 171-க்குச் சுருண்டு ஃபாலோ ஆன் வாங்கி, அதாவது உடனே மறுபடி ஆட வேண்டிய நிலைக்கு வந்து, இரண்டாவது இன்னிங்ஸிலும் நாலு விக்கெட் போயிருந்தது. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை. பாய்லருக்கு மேலே பலகை அடித்து வைத்த டிவி, அதன் திரை முழுக்க ஆவிப் பிசுக்கு. “நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மூட்டை கட்டிடுவானுங்க” என்று சொல்லிவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். அந்த வாக்கியமும் டம்ளர் வைத்த சத்தமும் அப்படியே இருக்கிறது. புதன் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஸ்கோர் 589, அதே நாலு விக்கெட். ஒரு நாளில் 335 ரன். மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டே, “இன்னா சார், மூட்டை கட்டியாச்சா?” என்றார். வியாழக்கிழமை ஹர்பஜன் ஆறு விக்கெட் எடுத்து 171 ரன்னில் ஜெயித்தோம். தொடர்ந்து 16 டெஸ்ட் ஜெயித்து வந்த ஆஸ்திரேலியா அங்கே நின்றது. லக்ஷ்மணின் 281-ல் எனக்குத் தெரிந்த ஷாட் எல்லாம் பிறகு ஹைலைட்ஸில் பார்த்தவை.

நான் புரிந்துகொண்டது இதுதான். நம் அணி தேறி வந்த இடத்தைவிட, நாம் நம்பிக்கையை விட்ட இடம்தான் ஆழமாகப் பதிகிறது. எப்போதும் ஜெயிக்கிற அணி ஜெயித்தால் நமக்கு அதில் வேலையில்லை. ‘அவ்வளவுதான்’ என்று நாம் வாய்விட்டுச் சொன்ன பிறகு அவர்கள் எழுந்து நின்றால், நாமும் அந்த ஆட்டத்தில் ஓர் ஆளாகிவிடுகிறோம். கட்சி மாறிய ஆள் என்றுகூடச் சொல்லலாம். சந்தோஷத்தோடு கொஞ்சம் வெட்கமும் கலந்துவிடுகிறது. வெட்கப்பட்டது லேசில் மறக்காது.

மூளைக்காரர்களும் இதற்குப் பக்கத்தில் ஒன்று சொல்கிறார்கள். வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் வாயில் பழச்சாறு சொட்டவிட்டு மூளைச் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சொட்டினால், டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் துள்ளின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பிறகு, சாறு வந்தபோது துள்ளவில்லை. தினமும் கிடைக்கிற போண்டாவை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

இதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. நம் சத்துவாச்சாரிப் பையன், பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம், 2018 காமன்வெல்த் போட்டிக்கு முன்னால் தேசியப் போட்டியில் 194 கிலோ தூக்கப் போய்த் தொடையில் காயம். பதக்க நம்பிக்கையே போய்விட்டது என்று அவரே பிறகு சொன்னார். அந்தக் காலோடு கோல்ட் கோஸ்டில் 317 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். இதைவிடப் பெரிய மீட்சி என்ன வேண்டும்? ஆனால் நம் டீக்கடைகளில் லக்ஷ்மண் பேச்சு அடிபடுகிற அளவுக்கு இது அடிபடவில்லை. காரணம் எளிது. நாம் அவரைக் கைவிடக்கூட இல்லை. பார்த்துக்கொண்டிருந்தால்தானே கைவிட முடியும்!

உங்கள் மாமனாருக்கு வருகிறேன். அதே உலகக் கோப்பையில், ஒரு வாரம் கழித்து ஜூன் 25, இறுதி ஆட்டம். அதைத் தூர்தர்ஷன் நேரடியாகக் காட்டியது. இந்தியா 183-க்கு ஆல் அவுட். எதிரில் வெஸ்ட் இண்டீஸ், ஒரு விக்கெட்டுக்கு 50 ரன் வரைக்கும் போய்விட்டார்கள். ரிச்சர்ட்ஸ் வெளுத்துக்கொண்டிருந்தார். பிறகு மதன்லால் பந்தில் அவர் தூக்கியடித்ததை கபில் பின்னால் ஓடிப் பிடித்தார். 140-க்கு எல்லாரும் அவுட். எதிர்வீட்டு டயனோராவில் அவர் பார்த்தது இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். 17-க்கு 5-ஐப் பேப்பரில் படித்திருப்பார். கபில் ஒருவர்தானே, இரண்டும் ஒன்றாகிவிட்டது. நைசருக்கு ஆட்டம் மாறியது, எனக்கு ஞாயிறு மாறியது, அவருக்கு ஒரு வாரம் மாறியிருக்கிறது.

இதை அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். 175-ஐ அப்படியே விடுங்கள். ராத்திரி சாப்பாட்டுத் தட்டைப் பையன் கையிலேயே கொடுத்தனுப்பி, ஒன்றே ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: “தாத்தா, ஃபைனல்ல 183-க்கு அவுட் ஆனதும் நீங்க எழுந்து போயிட்டீங்களா? அப்புறம் யார் வந்து கூப்பிட்டாங்க?”

என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.