பட்டறைப் பதில்கள்: பிரேக்குக்குக் காற்று

*வணக்கம் ஐயா. என்னிடம் 2006 மாருதி 800 இருக்கிறது. போன மாதம் குடும்பத்தோடு நான்கு பேர் ஏற்காடு போய்த் திரும்பினோம். இறங்கும்போது பாதி வழியில் கருகல் வாடை வந்தது. அடிவாரத்தை நெருங்குகையில் பெடல் மெத்தென்று ஆகி, தரை வரைக்கும் போய்விட்டது. எப்படியோ நிறுத்திவிட்டேன். பம்பரில் ஓட்டை போட்டு, பிவிசி பைப் வழியாக பிரேக்குக்குக் காற்று கொடுக்கலாம் என்று நண்பர் சொல்கிறார். எந்த அளவு பைப் போட வேண்டும்?*
– ஒரு வாசகர், சேலம்

நான்கு பேரும் பத்திரமாக வீடு சேர்ந்தீர்களே, முதலில் அதற்கு நிம்மதி. பைப்பைப் பிறகு பார்ப்போம். "பெடல் தரை வரைக்கும் போய்விட்டது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது.

சூட்டினால் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். வீலோடு சுற்றும் டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் அளவுக்கு மீறிச் சூடானால் பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று அர்த்தம். கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. நீங்கள் மிதிக்கும் மிதி குமிழை நசுக்குவதோடு தீர்ந்துபோய், பேட் வரை போய்ச் சேர்வதில்லை. உங்களுக்கு நடந்தது இந்த இரண்டாவது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. என் பட்டறைக்கு வருகிற பழைய வண்டிகளில் பாதிக்கு மேல், கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது என்று கேட்டால் உரிமையாளரிடம் பதில் இருக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுதாக மாற்ற வேண்டும். மேலே கொஞ்சம் ஊற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பழையது முழுதும் வெளியே வந்து, நான்கு வீலிலும் ஏர் எடுத்தால்தான் (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினால்தான்) அது மாற்றியதாகும். டாட் 4 போடுங்கள், டாட் 3 இருந்த வண்டிக்குத் தாராளமாகப் போடலாம். டாட் 5 என்று தனியாக ஒன்று விற்கும். அது சிலிகான் வகை. அதை மட்டும் கலந்துவிடாதீர்கள்.

அப்புறம் கியர். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களும் பையும் சேர்த்து உங்கள் வண்டி 950 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு ஏறக்குறைய 1200 மீட்டர் இறக்கம். அவ்வளவு எடையை அவ்வளவு உயரம் இறக்கும்போது வெளிப்படும் ஆற்றலை வைத்து 38 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். நியூட்ரலிலோ நான்காவது கியரிலோ வந்தால் அந்தச் சூட்டில் பெரும் பங்கு நாலைந்து கிலோ இரும்பான இரண்டு முன் டிஸ்கின் தலையில்தான் விழும். இரண்டாவது கியரில் வந்தால் பெரும் பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று அந்தக் காலத்து பஸ் டிரைவர்கள் சொல்வார்கள். அதைவிட நல்ல பிரேக் கூலிங் எனக்குத் தெரியாது.

மூன்றாவது, முன் வீல்களை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாகச் சுற்றினால், பேட்டைத் தாங்கும் காலிப்பர் நகர உதவும் பின் காய்ந்துபோயிருக்கலாம். காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்கைத் தேய்த்துக்கொண்டே வரும். பின்னைக் கழற்றித் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸ் வைத்தால் தீர்ந்தது. செலவு மிகக் குறைவு. அலாய் மாதிரி தெரிவதற்காக மூடின பிளாஸ்டிக் வீல் கப் போட்டிருந்தால் மலைக்குப் போகும் முன் கழற்றி டிக்கியில் போட்டுவிடுங்கள். அதற்குச் செலவே இல்லை.

இப்போது பைப்புக்கு வருகிறேன். உங்களுக்கு அது வேண்டாம். வண்டி ஓடும்போது முன்னால் எதிர்க்காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அழுத்தம் தண்ணீரை 47 மில்லிமீட்டர் உயர்த்தும். நீங்கள் கொண்டை ஊசி வளைவில் வரும் 30 கிலோமீட்டரில் 4 மில்லிமீட்டர்தான் உயர்த்தும். அந்த அழுத்தம் பைப்புக்குள் வளைந்து நெளிந்து போய் டிஸ்க்கைத் தொடுவதற்குள் ஒன்றும் மிஞ்சாது. போதாததற்கு, பிவிசி 80 டிகிரி பக்கம் போனாலே இளகும். இளகித் தொங்கும் பைப் டயரிலோ பிரேக் ஹோஸிலோ உரசினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி ஒரு முறை பெடல் மெத்தென்று போனால் உடனே கியரைக் குறையுங்கள், பெடலை வேகமாகப் பல முறை மிதியுங்கள், ஹேண்ட்பிரேக்கைப் பொத்தானை அழுத்தியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். அது கேபிளில் வேலை செய்வது, ஆயிலை நம்பியில்லை. நின்ற பிறகு முதல் கியரில் போட்டு, டயருக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். கோணிவிடும், சில சமயம் விரிசலும் விடும். ஆறினதும் பெடல் சரியாகிவிட்டது போலத் தோன்றும். அதை நம்பி வேகம் எடுக்க வேண்டாம், ஆயிலை மாற்றும் வரை அது கோளாறுள்ள வண்டிதான்.

*அண்ணா, செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் என் பழைய ஸ்விஃப்ட்டை ஓட்டுகிறேன். ஐந்தாறு சுற்றுக்கு மேல் பிரேக் பிடிப்பு குறைகிறது. புது ஆயில், நல்ல பேட் இரண்டும் போட்டாகிவிட்டது. கையில் அதிகப் பணம் இல்லை. பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் டக்டை வீட்டிலேயே செய்ய முடியுமா?*
– பொறியியல் மாணவர், கோவை

உங்களுக்கு வேண்டும் தம்பி, கட்டாயம் செய்யலாம். சேலம் வாசகருக்கு வேண்டாம் என்று சொன்ன அதே கணக்கு உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. நேர்ப்பாதையில் நல்ல வேகம், அதன் கடைசியில் பலமான பிரேக். காற்றும் இருக்கிறது, சூடும் இருக்கிறது.

வாய் எங்கே என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஃபாக் லைட் இல்லாத மாடலில் அந்த இடத்தை ஒரு பிளாஸ்டிக் மூடி அடைத்திருக்கும். அதைக் கழற்றினால் பம்பரை வெட்டாமலேயே வாய் கிடைத்துவிடும். பம்பரின் நடுப் பக்கம் காற்றழுத்தம் அதிகம், ஓரத்துக்குப் போகப் போகக் குறையும். ஃபாக் லைட் குழி கொஞ்சம் ஓரம்தான், ஆனாலும் போதும். மூன்று அங்குல ஹோஸ் போடுங்கள். சமையலறை சிம்னிக்குப் போடும் அலுமினிய மடிப்புக் குழாய் மலிவாகக் கிடைக்கும், முதலில் வழி சரியாக வருகிறதா என்று பார்க்க அது போதும். அதிர்வில் சீக்கிரம் கிழிந்துவிடும் என்பதால் அதையே நிரந்தரமாக விடாதீர்கள். வழி உறுதியானதும் சூடு தாங்கும் சிலிகான் பூசிய ஹோஸ் இரண்டு மீட்டர் வாங்குங்கள். வளைவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

பெரும்பாலோர் தவறுவது ஹோஸின் மறுமுனையில். ஸ்விஃப்ட்டின் முன் டிஸ்க் இரண்டு தகடுகளுக்கு நடுவே இடைவெளி உள்ள வகை. அது சுற்றும்போது நடுவிலிருந்து காற்றை உறிஞ்சி விளிம்பு வழியாக வெளியே வீசும், ஒரு சின்ன மின்விசிறி போல. எனவே காற்றை டிஸ்கின் நடுக் கண்ணில் கொண்டுபோய் விட வேண்டும். உள்பக்கத் தகட்டின் மேல் மட்டும் அடித்தால் ஒரு முகம் குளிர்ந்து மறு முகம் கொதிக்கும், டிஸ்க் கோணும். டிஸ்குக்குப் பின்னால் இருக்கும் தகர மறைப்பில், நடுவை ஒட்டி ஓட்டை போட்டு, ஒரு தகரக் குழாய்த் துண்டை ரிவெட் அடித்து, அதில் ஹோஸை கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நீளம், ஒரே வழி. ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தால் பிரேக் அடிக்கும்போது வண்டி இழுக்கும்.

என் கதை ஒன்று. இருபத்தாறு வயதில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு வண்டிக்கு நான்தான் மெக்கானிக். ராத்திரியோடு ராத்திரியாக டக்ட் மாட்டினேன். வீல் நேராக இருக்கும்போது எல்லாம் அருமையாக இருந்தது. காலையில் பயிற்சி முடிந்து வந்த வண்டியைக் குனிந்து பார்த்தால், வளைவில் டயர் ஹோஸைத் தள்ளி, ஹோஸ் கிளாம்பின் முனை பிரேக் ஹோஸின் ரப்பரைச் சுரண்டியிருந்தது. உள் நூல் வெளியே தெரிந்தது. இன்னும் இரண்டு சுற்று ஓடியிருந்தால் ஆயில் முழுக்க வெளியே போயிருக்கும். ஓட்டியவர் எனக்குத் தம்பி மாதிரி. அன்றைக்கு என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே ஸ்டீயரிங்கை இடது கடைசி, வலது கடைசி வரை திருப்பி, ஜாக்கியில் வீலை மேலும் கீழும் நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் கை விட்டுத் தடவிப் பாருங்கள். எங்கும் ஒரு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும்.

பலன் கிடைத்ததா என்பதை அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். துப்பாக்கி வடிவ வெப்பமானி ஒன்று கடன் வாங்குங்கள். பளபளக்கும் டிஸ்க் முகத்தைக் காட்டினால் அது உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். டிஸ்கின் துருப்பிடித்த நடுக் கிண்ணத்தைக் காட்டுங்கள். முதலில் ஒரு பக்கம் மட்டும் டக்ட் மாட்டி, மெதுவான வேகத்தில் நாலு சுற்று ஓட்டி, வந்ததும் இரண்டு பக்கமும் அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். அளந்த பிறகு மறுபக்கத்தையும் மாட்டிவிட்டுத்தான் வேகமாக ஓட்ட வேண்டும். கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் ஆற்றிக்கொண்டே வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கல் வையுங்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அந்த பிளாஸ்டிக் மூடியை மறுபடி மாட்டிவிடுங்கள். மழையில் சேறும் தண்ணீரும் நேரே டிஸ்க்குக்குப் போகும்.

*என் வேகன் ஆர், சித்திரை வெயிலில் ஏசி போட்டு டிராஃபிக்கில் நின்றால் சூட்டு முள் ஏறுகிறது. ஹைவேயில் சரியாக இருக்கிறது. ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?*
– பள்ளி ஆசிரியை, கரூர்

ஹைவேயில் சரியாக இருக்கிறது என்று நீங்கள் கவனித்து எழுதியது பாதி வேலையைக் குறைத்துவிட்டது அம்மா. ரேடியேட்டருக்குள் அடைப்பு இருந்தால் பெரும்பாலும் ஹைவேயில், ஏற்றத்தில்தான் முதலில் சூடேறும். நின்றால் மட்டும் ஏறுகிறது என்றால் காற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஏசி போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா, வேகமாகச் சுற்றுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ரிலேயோ ஃபியூஸோ போயிருந்தால் அதோடு வேலை முடிந்தது.

ஃபேன் சரியாக இருந்தால், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சியும் தூசியும் கம்பளி மாதிரி படிந்திருக்கும். வண்டி ஆறிய பிறகு எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தோட்டத்துக் குழாயின் மெல்லிய தண்ணீரில் கழுவ வேண்டும். கார் கழுவும் மெஷினின் அழுத்தத்தில் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிப் பாதை அடைந்துவிடும்.

அடுத்தது ஓரச் சந்துகள். ரேடியேட்டரைச் சுற்றி கம்பெனியில் ஒட்டிய பஞ்சுப் பட்டைகள் பத்து வருடத்தில் பொடிந்து உதிர்ந்துவிடும். நிற்கும்போது ஃபேன் தள்ளும் சூடான காற்று அந்தச் சந்து வழியாகச் சுற்றி முன்னுக்கு வந்து, மறுபடி ரேடியேட்டருக்குள்ளேயே போகும். சூடு தாங்கும் ஃபோம் பட்டை வாங்கி நான்கு ஓரமும் அடையுங்கள். வண்டிக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு கிழிந்தோ காணாமலோ போயிருந்தால் அதையும் மாட்டுங்கள். ஸ்பீட் பிரேக்கரில் உரசிக் கிழிந்ததும் "இது தேவையில்லை" என்று கழற்றி எறிகிறவர்கள் உண்டு. அதைச் செய்த ஒரு பட்டறையில் நானே சிறு வயதில் வேலை பார்த்திருக்கிறேன். சேறு தடுப்பதோடு, காற்றை ரேடியேட்டர் வழியாகப் போக வைப்பதும் அந்தத் தட்டுதான். கிரில்லுக்கு முன்னால் மாட்டிய கூடுதல் ஹாரன், அகலமான அலங்காரப் பலகை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

ஓடும்போது காற்று எப்படிப் போகிறது என்று அளக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப் போதும். ஒரு முனையை ரேடியேட்டருக்கு முன்னும் ஒரு முனையைப் பின்னும் கட்டுங்கள், காற்று நேராக வாயில் அடிக்காதபடி பக்கவாட்டில் திருப்பி. நடுப்பகுதியை வண்டிக்குள் கொண்டுவந்து 'U' மாதிரி வளைத்து, மை கலந்த தண்ணீர் விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறிக்கட்டும். ஃபோம் ஒட்டிய பிறகு அதே வேகத்தில் வித்தியாசம் கூடியிருந்தால் ரேடியேட்டர் வழியாகக் காற்று கூடுதலாகப் போகிறது. ஓட்டுகிறவர் டியூப்பைப் பார்க்கவே கூடாது.

*பானெட்டின் பின் பக்கக் கீல்களில் வாஷர் வைத்துத் தூக்கிவிட்டால் எஞ்சின் சூடு வெளியேறும் என்கிறார்களே, உண்மையா?*
– ஒரு வாசகர், திண்டுக்கல்

நிற்கும்போது கொஞ்சம் வெளியேறும். ஓடும்போது பலன் இல்லை. முன் கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்று முட்டி நிற்பதால் அங்கே அழுத்தம் அதிகம், காற்று உள்ளே வரப் பார்க்குமே தவிர வெளியே போகாது. கேபினுக்குக் காற்று எடுக்கும் வழியும் அங்கேதான் இருக்கிறது. எஞ்சின் புகை குழந்தைகள் மூக்குக்கு வரும். சந்தேகமிருந்தால் பானெட் மேல் பத்து சென்டிமீட்டர் கம்பளி நூல்களை டேப்பால் ஒட்டி, இன்னொரு வண்டியிலிருந்து வீடியோ எடுத்துப் பாருங்கள், நூல் எந்தப் பக்கம் படுக்கிறது என்று தெரியும்.

*பம்பரில் காற்று வாய் வெட்டினால் ஆர்டிஓ பிடிப்பாரா?*
– ஒரு வாசகர், திருப்பூர்

பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முன்னால் இரும்புக் கம்பி மாட்டுவது 2017-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. அந்தக் கம்பி காற்றையும் மறைக்கும். ஃபோம் ஒட்டுவதும் ஆயில் மாற்றுவதும் பராமரிப்பு, அதில் சிக்கல் இல்லை. பம்பரை வெட்டும் வேலையை டிராக்குக்கு மட்டும் ஓடும் வண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸிலும் கேள்வி வரும்.

*லேத்தில் கொடுத்து டிஸ்கில் ஓட்டை போட்டால் பைக் டிஸ்க் மாதிரி குளிருமா?*
– ஐடிஐ மாணவர், ஈரோடு

வேண்டாம். கார் டிஸ்க் வார்ப்பிரும்பு, ஓட்டையின் விளிம்பிலிருந்து விரிசல் கிளம்பும். சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள இருக்கும் இரும்பையும் நீங்களே குறைக்கிறீர்கள். லேத்துக்குக் கொடுக்கும் பணத்தில் வெர்னியர் ஒன்று வாங்கி, டிஸ்கின் தடிமனை நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று விளிம்பிலோ நடுக் கிண்ணத்திலோ பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் புது டிஸ்க் இரண்டாக வாங்குங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்ற வேண்டாம்.