மரக்குற்றி வீட்டின் வெளிச்சுவர்: கேள்வி பதில்

பத்தரமுல்லை: தோட்டத்து மரக்குற்றி வீடு கறுத்துப் போச்சு. எதில தொடங்கிறது?

பதில்: கறுப்பு எதுவென்று முதலில் பாருங்கள். ஒரு துளி குளோரின் வெளுப்புநீர் விட்டு ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சணம். வெளுக்காவிட்டால் அழுக்கு அல்லது ஆணித்துரு. குளோரின் இந்தச் சோதனைக்கு மட்டும்தான். சுவர் முழுக்க ஊற்றினால் மரநார் பஞ்சாகும், ஆணிகளும் துருப்பிடிக்கும்.

கழுவுவதற்கு சோடியம் பெர்கார்பனேட் (குளோரின் இல்லாத வெளுப்புத்தூள்), ஒரு லீட்டர் இளஞ்சூட்டு நீருக்கு 60 கிராம். கரைத்ததை அன்றே முடியுங்கள், வைத்தால் வீரியம் போய்விடும். கோடு விழாதிருக்கக் கீழிருந்து மேலாகப் பூசி, 15 நிமிடம் காயவிடாமல் வைத்து, நைலோன் தூரிகையால் நார் ஓடும் திசையில் தேய்த்து, மேலிருந்து கழுவுங்கள். கம்பித் தூரிகையை எடுக்கவே வேண்டாம்: உதிரும் இரும்புத்தூள் அடுத்த மழையில் கரும்புள்ளியாகும். துருக்கறைக்கு ஒக்சாலிக் அமிலம் லீட்டருக்கு 50 கிராம், கையுறையும் கண்ணாடியும் போட்டு. அது குளோரினோடு கலந்தால் நச்சுவாயு.

பிறகு காயவிடுங்கள். ஈரமானி 18 சதவீதத்துக்குக் கீழே காட்டினால்தான் பூச்சு. தென்மேற்கு மழைக்காலத்தில் அது நடக்காது. ஜனவரி, பெப்ரவரி சரி. தேய்க்கும் சாண்ட் பேப்பர் 80ஆம் இலக்கத்துக்கு மேல் (எண் கூடினால் மென்மை கூடும்) போகாதீர்கள், வழவழப்பான மரம் பூச்சு எண்ணெயைக் குடிக்காது.

தெஹிவளை: பிரஷர் வாஷர் பிடிக்கலாமா?

பதில்: வேண்டாம். நாரைக் கிழித்து இடுக்கெல்லாம் தண்ணீரை ஏற்றிவிடும். தோட்டக் குழாய் போதும்.

கொட்டாஞ்சேனை: எந்த வார்னிஷ் நல்லது?

பதில்: வெளிச்சுவருக்கு எதுவும் நல்லதல்ல. வெயிலில் அந்தப் படலம் வெடிக்கும். வெடிப்பால் புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளே அழுகும். நிறமூட்டிய, மரத்துள் ஊறும் எண்ணெய் ஸ்டெய்ன் மெல்லியதாக இரண்டு முறை. ஊறாததை 20 நிமிடத்தில் துடைக்கவும். நிறமில்லாதது வெயிலைத் தடுக்காது. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பற்றும்.

வத்தளை: கறையானுக்குக் கழிவு ஒயில் அடிச்சால் போதும் ஐயா. அப்பா காலத்திலயிருந்து அதுதான்.

பதில்: கறையான் மண்ணுக்குள்ளிருந்து மண்குழாய் கட்டி ஏறுகிறது. மேலே ஒயில் நாறினாலும் அடிக்குற்றியின் உள்ளே அது தின்றுகொண்டுதான் இருக்கும். ஒயில் பூசிய மரத்தில் வேறு பூச்சும் ஒட்டாது. வழிவது மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகிறது.

வத்தளை: எங்கட வேலித்தூண் இன்னும் நிக்குதே?

பதில்: என்ன மரம்?

வத்தளை: பாலை.

பதில்: பாலை ஒயில் இல்லாமலும் நிற்கும். இந்த வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பைனஸ், கறையான் எளிதில் தின்னும் மென்மரம்.

மருதானை: வத்தளைக்காரர் சொல்லுறது சரி. செலவில்லாத வேலையை ஏன் தடுக்கிறீங்கள்?

பதில்: பைனஸை அரித்த பிறகு குற்றி மாற்றுகிற செலவைக் கணக்கில் சேருங்கள். காய்ந்த மரத்தில் போரேட் (கறையானைக் கொல்லும் உப்பு) கரைசல் அடித்து அதன்மேல் ஸ்டெய்ன் பூசுங்கள். மூடாவிட்டால் மழை போரேட்டைக் கழுவிவிடும். அடிக்குற்றி மண்ணிலிருந்து ஓர் அடியாவது உயர்ந்திருக்கட்டும், மண்குழாய் கண்ணில் படும். ஒயிலைப் பற்றி இனிப் பதில் இல்லை.

கல்கிசை: வெடிப்புகளை அடைக்கவேணுமா?

பதில்: மேற்பக்கம் பார்த்த, 6 மில்லிமீற்றருக்கு மேல் அகன்றவற்றை மட்டும். உள்ளே நுரைக்கயிறு வைத்து, மேலே இழுபடும் சீலன்ட். கயிறில்லாவிட்டால் சீலன்ட் அடியிலும் ஒட்டி, மரம் விரியும்போது கிழியும். கீழ்ப்பக்க வெடிப்பில் நீர் தங்காது, விட்டுவிடுங்கள். கடற்காற்றுக்கு ஸ்குரூ 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

நுகேகொடை: படகு வார்னிஷ் என்றால் பரவாயில்லையா?

பதில்: கொட்டாஞ்சேனைக்குச் சொன்னதை வாசியுங்கள்.