மருத்துவ வரலாற்றில் அதிகம் பேசப்படாத, ஆனால் நீங்கள் பெரிதும் மதிக்கும் அறுவை மருத்துவர் யார்?

ழான் சிவியால். 1792-ல் பிரான்சின் கான்டால் மலைப்பகுதியில் பிறந்து, பாரிசில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் டுபுய்த்ரெனிடம் பயின்றவர்.

அந்தக் காலத்தில் சிறுநீர்ப்பையில் கல் என்றால் கீறித்தான் எடுப்பார்கள். ஈதர் மயக்கம் வந்ததே 1846-ல்தான். நோயாளியின் கைகாலைக் கட்டி, நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே கத்தி இறங்கும். உயிர் போகும் ஆபத்தும் உண்டு.

சிவியால் மெல்லிய, நேரான உலோகக் குழாய் ஒன்றைச் சிறுநீர் வரும் வழியாகவே உள்ளே விட்டார். பைக்குள் போனதும் நுனியில் மூன்று கால்கள் விரிந்து கல்லைக் கவ்விக்கொள்ளும். நடுவிலிருக்கும் துளைப்பானை வெளியிலிருந்து சிறு வில்லால் சுழற்றுவார். கல் உடைந்து துகள்களாகச் சிறுநீரோடு வெளியேறும். உள்ளே எதுவும் கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் கை உணர்ச்சிதான். 1824 ஜனவரியில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பிரதிநிதிகள் முன்னிலையில் ஒரு நோயாளிக்கு இதைச் செய்து காட்டினார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று லெருவா தெத்தியோல் என்ற இன்னொரு மருத்துவருடன் பெரிய சண்டையும் நடந்தது. அப்புறம் பாரிசின் நெக்கர் மருத்துவமனையில் கல் நோயாளிகளுக்கென்றே தனிப் பிரிவு அமைந்தது. சிறுநீர்ப் பாதை நோய்களுக்கான யூராலஜி தனித்துறையாக வளர்ந்ததில் அந்த வார்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

என் சித்தப்பாவுக்குச் சமீபத்தில் லேசரால் கல்லை உடைத்தார்கள், உடம்பில் ஒரு கீறல் இல்லை. உள்ளே போன வழி சிவியால் போன அதே வழி.

ஆனால் நான் அவரை மதிப்பதற்குக் கருவி மட்டும் காரணமில்லை. மற்றவர்கள் தங்கள் கைத்திறனைச் சொல்லி வாதாடிய காலத்தில், அவர் பல ஊர்களின் கணக்குகளைத் திரட்டினார். கீறி எடுத்ததில் 100-க்குக் கிட்டத்தட்ட 19 பேர் இறந்திருக்கிறார்கள். உடைத்து எடுத்ததில் 2 பேர் அளவுதான்.

1835-ல் இதை ஆராய்ந்த அறிவியல் கழகக் குழுவில் கணிதமேதை புவாசோன், நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் லாரே ஆகியோர் இருந்தார்கள். ஒவ்வொரு நோயாளியும் வேறு, கூட்டுத்தொகையை வைத்து ஒருவருக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று தயங்கினார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். கல் சிறிதாகவும் உடல் தெம்பாகவும் இருந்தவர்களே சிவியாலின் முறைக்கு அதிகம் வந்தார்கள், அதனால் இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைத்துவிட முடியாது. ஆனாலும் எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணி, அதை எல்லோருக்கும் முன்னால் வைத்தாரே, அதற்காகவே அவர் பெயரைச் சொல்கிறேன்.