சிங்கப்பூர் கட்டுமான சைட்டில் அடிபட்டவர்களுக்கு: கேள்வி பதில்

2006-இல் சாரம் கட்டும் வேலைக்குச் சிங்கப்பூர் வந்தேன். ஏழு வருடம் ஸ்காஃபோல்டிங் கேங்கில் இருந்துவிட்டு, கோர்ஸ் படித்து சேஃப்டி கோஆர்டினேட்டர் ஆனேன். இன்றும் அதே வேலைதான். நான் வக்கீல் இல்லை. சைட் பாதுகாப்பு, அடிபட்டால் சட்டப்படி என்ன கிடைக்கும் என்ற இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள். சம்பளப் பாக்கி, ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் இதெல்லாம் எனக்குத் தெரியாத பக்கம்.

கேள்வி (கம்பி கட்டும் வேலை, சொந்த ஊர் புதுக்கோட்டை): அண்ணே, பார் கட்டிங் மெஷினில் ஆள்காட்டி விரல் நுனி போய்விட்டது. எம்.சி.யில் (டாக்டர் எழுதிய மருத்துவ விடுப்பில்) இருக்கிறேன். கம்பெனி அடிப்படைச் சம்பளம் மட்டும் தருகிறது. கேட்டால் "வேலை செய்யாத நாளுக்கு ஓ.டி. (ஓவர்டைம்) ஏது" என்கிறார்கள். கடைசியில் எவ்வளவு வரும்?

பதில்: தம்பி, அவர்கள் சொல்வது தப்பு. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி எம்.சி. நாட்களுக்கான சம்பளம் உங்கள் சராசரி மாத வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படும். அடிபடுவதற்கு முந்தைய 12 மாதம் வாங்கிய ஓ.டி.யும் அந்தச் சராசரியில் சேரும். வீட்டில் ஓய்வு என்றால் முதல் 14 நாளுக்கும், ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் 60 நாளுக்கும் முழுச் சம்பளம். அதற்குமேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடம் வரை. "லைட் டூட்டி" (இலகுவான வேலை மட்டும்) என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் இதே கணக்குதான்.

விரலுக்கான தொகை தனி. டாக்டர் நிரந்தர இழப்பு எத்தனை சதவீதம் என்று மதிப்பிடுவார். சராசரி மாத வருமானத்தை வயதுக்குரிய எண்ணால் பெருக்கி, அதில் அந்தச் சதவீதத்தை எடுக்க வேண்டும். 40 வயது வரை அந்த எண் 181. உங்கள் அடிப்படைச் சம்பளம் 650 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓ.டி.யோடு சராசரி 1,050, டாக்டர் போட்டது 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,050 என்று கணக்குப் போட்டால் 15,204 வெள்ளி. 650 என்று போட்டால் 9,412. ஓ.டி.யை விட்டுவிட்டால் கிட்டத்தட்ட 5,800 வெள்ளி உங்கள் கையைவிட்டுப் போகும். ஆகவே பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மெண்ட், டைம் கார்டு போட்டோ எல்லாவற்றையும் இன்றே ஊரில் ஒருவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பி வைத்துவிடுங்கள். போன் தொலைந்தாலும் ஆதாரம் இருக்கும்.

இன்னொன்று. முதலில் பார்த்த டாக்டரிடம் மெஷினில் அடிபட்டது என்றுதானே சொன்னீர்கள்?

கேள்வி: எனக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. எவ்வளவு கிடைக்கும்?

பதில்: மேலே உள்ள கணக்கேதான். சதவீதம் டாக்டர் கையில். என்னால் சொல்ல முடியாது.

கேள்வி (ஒரத்தநாட்டிலிருந்து ஒரு சகோதரி): என் கணவர் பலகை சரிந்து விழுந்து ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கம்பெனி ஆள் வந்து, "ஊருக்குப் போய் வைத்தியம் பார், டிக்கெட்டும் 2,000 வெள்ளியும் தருகிறோம்" என்று ஆங்கிலத்தில் ஒரு தாளில் கையெழுத்து கேட்கிறாராம். பில் ஏறிக்கொண்டே போகிறது என்றும் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: அம்மா, கையெழுத்து வேண்டாம் என்று இப்போதே அவருக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள். பிறகு இதைப் படியுங்கள்.

அந்த பில்லை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. உடலுழைப்பு வேலை பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், கம்பெனி வேலைக் காயக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துக்கு மருத்துவச் செலவு 53,000 வெள்ளி வரை, அல்லது விபத்திலிருந்து ஒரு வருடம் வரை, இதில் எது முதலில் எட்டுகிறதோ அதுவரை இந்தச் சட்டத்தில் வரும். முழு நிரந்தர இயலாமைக்குக் குறைந்தது 1,16,000, அதிகபட்சம் 3,46,000 வெள்ளி. இவ்வளவு உரிமை உள்ள மனிதரிடம் 2,000 வெள்ளி நீட்டுகிறார்கள்.

கம்பெனி விபத்தைப் பதிவு செய்யாவிட்டாலும் அவரே மனிதவள அமைச்சிடம் ஆன்லைனில் கோரிக்கை போடலாம். விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். வொர்க் பெர்மிட்டை ரத்து செய்தாலும் கோரிக்கை சாகாது. ஸ்பெஷல் பாஸில் (தற்காலிகமாகத் தங்கும் அனுமதி) இருந்து வைத்தியம் பார்க்க வழி இருக்கிறது. தனியாகச் சமாளிக்க முடியாவிட்டால் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் அமைப்புகளான மைக்ரண்ட் வொர்க்கர்ஸ் சென்டர், டி.டபிள்யூ.சி.2, ஹோம் இந்த மூன்றில் ஒன்றுக்குப் போகச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். "சைட்டில் பலகை சரிந்து விழுந்தேன்" என்ற வரி ஆஸ்பத்திரிப் பதிவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நாளைக் காலை ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் சொல்லி எழுத வைக்க வேண்டும்.

கேள்வி: டாக்டரிடம் சொன்னது அவ்வளவு முக்கியமா? திரும்பத் திரும்பச் சொல்கிறீர்களே.

பதில்: 2011-இல் என் ரூமில் இருந்தவர் நாலு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். எங்கள் சூப்பர்வைசர் அவரை ஒரு கிளினிக்குக் கூட்டிப்போய், "டாமிட்டரி (தொழிலாளர் விடுதி) படிக்கட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல், இல்லாவிட்டால் எல்லாருக்கும் வேலை போகும்" என்றார். அவரும் அப்படியே சொன்னார். இரண்டு நாள் எம்.சி. அந்தக் காலத்தில் மூன்று நாளுக்கு மேல் எம்.சி. போனால்தான் கம்பெனி அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால்தான் இரண்டு. ஆறு வாரம் கழித்து இடுப்பைத் தூக்க முடியவில்லை. எலும்பு நொறுங்கியிருந்தது தெரிந்தது. எங்கே போய்ச் சொன்னாலும் அந்தப் படிக்கட்டு வரியைக் காட்டினார்கள். ஒரு வெள்ளி வாங்காமல் ஊருக்குப் போனார். விழுந்ததைப் பார்த்த நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

2020 செப்டம்பர் 1 முதல் ஒரு நாள் எம்.சி. என்றாலும், லைட் டூட்டி என்றாலும் கம்பெனி தெரிவித்தாக வேண்டும். ஆனால் "ரூமில் விழுந்தான்" என்று எழுதிவிட்டால் அது வேலைக் காயமே இல்லை. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கேள்வி: கம்பெனி லாரியில் டாமிட்டரிக்குத் திரும்பும்போது அடிபட்டால்?

பதில்: கம்பெனி வண்டி என்றால் வேலைக் காயம்தான். பஸ், ரயிலில் நடந்தது சேராது.

கேள்வி (14 ஆள் வைத்து சப்-கான்ட்ராக்ட் எடுப்பவர்): தொழிலாளி பக்கமே பேசுகிறீர்கள். தினமும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் (வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்) பெல்ட் கயிற்றின் "ஹூக் மாட்டு, ஹூக் மாட்டு" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். மாட்டாமல் ஏறி விழுந்தவனுக்கு ஏன் இழப்பீடு? தப்பு அவனுடையது.

பதில்: இந்தச் சட்டம் யார் தப்பு என்று கேட்பதில்லை. குடித்திருந்தாலோ, தானே காயப்படுத்திக்கொண்டாலோ, சண்டை போட்டாலோதான் சிக்கல். கம்பெனியின் தப்பை நிரூபித்து அதிகம் வாங்க நினைப்பவர் சிவில் வழக்குப் போடலாம். ஆனால் இரண்டில் ஒன்றுதான். நிரூபிக்க வேண்டாம் என்பதற்கு ஈடாகத்தான் தொகைக்கு உச்சவரம்பு. அந்த வரம்பு உங்களையும் காப்பாற்றுகிறது.

அவரே: சட்டம் சரி. நியாயம்? அவன் ஹூக் மாட்டாததற்கு என் பிரீமியம் ஏறுகிறது.

பதில்: ஹூக்கை எதில் மாட்டச் சொன்னீர்கள்? உங்கள் சைட்டில் லைஃப்லைன் (ஹூக் மாட்டும் பாதுகாப்புக் கயிறு) கட்டிய பிறகு ஆள் ஏறுகிறாரா, ஆள் ஏறித்தான் லைஃப்லைன் கட்டுகிறாரா?

இடையில் ஒரு தொழிலாளி: எங்கள் சைட்டில் மாட்ட இடமே இல்லை அண்ணே. சாரத்தின் கைப்பிடிக் குழாயில் மாட்டச் சொல்கிறார்கள். படம் எடுத்ததும் கழற்றிவிடுவோம்.

பதில்: இதைத்தான் கேட்டேன். ஆறடி உயர ஆள் இரண்டு மீட்டர் கயிறோடு விழுந்தால், ஷாக் அப்சார்பர் (விழும் அதிர்ச்சியைத் தாங்கும் பாகம்) விரிந்து நிற்பதற்குள் ஐந்து, ஆறு மீட்டர் கீழே இடம் வேண்டும். முதல் தளத்தில் நிற்பவர் காலுக்குக் கீழே ஹூக் மாட்டினால் கயிறு இறுகுவதற்குள் தரையில் இருப்பார். அங்கே தேவை கைப்பிடித் தடுப்பும் சரியான பலகையும், பெல்ட் இல்லை. ஒற்றைக் கயிறு பெல்ட் கொடுத்தால் தூண் தாண்டும்போதெல்லாம் கழற்றித்தான் ஆக வேண்டும். இரட்டைக் கயிறு வாங்கிக் கொடுத்தீர்களா? இரண்டு மீட்டருக்குமேல் விழ வாய்ப்பிருந்தால் அது உயர வேலை. மூன்று மீட்டருக்குமேல் என்றால் அந்த வேலைக்கென்று எழுத்தில் தனி அனுமதி (பெர்மிட்) வேண்டும். பெர்மிட்டில் கையெழுத்துப் போடுபவர் மேலே ஏறிப் பார்த்தாரா? இதையெல்லாம் செய்த பிறகும் ஒருவர் மாட்டாமல் நின்றால், அவரைக் கீழே இறக்கி அன்றைக்கு மேலே அனுப்பாதீர்கள். உங்களோடு நானும் நிற்பேன்.

அவரே: இதெல்லாம் மெயின் கான்ட்ராக்டர் செய்ய வேண்டியது. அவர் கொடுக்கும் ரேட்டில் இரட்டைக் கயிறு வாங்க முடியாது.

பதில்: ரேட் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் விபத்துக்குப் பிறகு வரும் கணக்கையும் போடுங்கள். ஸ்டாப் ஒர்க் ஆர்டர் (வேலையை நிறுத்தும் உத்தரவு) வந்தால் 14 பேரும் சும்மா உட்காருவார்கள். சம்பளமும், வெளிநாட்டு ஆளுக்காக அரசுக்குக் கட்டும் லெவியும் நிற்காது. 18 மாதத்துக்குள் 25 குற்றப்புள்ளி சேர்ந்தால் புது வெளிநாட்டு ஆள் எடுக்க முடியாது. 2024 ஜூன் 1 முதல் பாதுகாப்பு விதிமீறலுக்கான உச்ச அபராதம் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 ஆகிவிட்டது. காப்பீடு இதில் ஒன்றையும் கட்டாது. 2024-இல் சிங்கப்பூரில் வேலையிடத்தில் இறந்த 43 பேரில் 20 பேர் கட்டுமானத் துறை. அவர்களில் ஒருவர்கூட அன்று காலை சாக நினைத்து ஏறவில்லை.

கேள்வி: கை எலும்பு முறிவு. எவ்வளவு கிடைக்கும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இன்னும் ஐந்து பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள். ஐந்து பேருக்கும் அதே பதில். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: சராசரி 600 வெள்ளிதான் என்றாலும் பயப்பட வேண்டாம். பெருக்கினால் 1,08,600 வரும், அது குறைந்தபட்சத்தைவிடக் கீழே, ஆகவே 1,16,000-இல்தான் சதவீதம் எடுப்பார்கள்.

கேள்வி: துபாயில் அடிபட்டால்?

பதில்: அங்கே சட்டம் வேறு. தெரியாமல் சொல்ல மாட்டேன். இந்தியத் துணைத் தூதரகத்தைக் கேளுங்கள்.

கேள்வி: வெயிலில் மயக்கம் வருகிறது. ஓய்வு கேட்கலாமா?

பதில்: கேட்க வேண்டும். சைட்டில் வெப்ப அளவி (வெயிலையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் WBGT கருவி) 32 காட்டினால், கடுமையான வேலை செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு. 33-ஐத் தொட்டால் 15 நிமிடம். போன் காட்டும் வெப்பநிலை வேறு, அதை வைத்துப் பேசாதீர்கள். மயங்கி விழுந்தால் டாக்டரிடம் சைட்டில் விழுந்தேன் என்று சொல்லுங்கள்.

கேள்வி (முதலில் கேட்ட புதுக்கோட்டைத் தம்பி): அண்ணே, டாக்டரிடம் மெஷின் என்றுதான் சொன்னேன். எழுதியிருக்கிறார். அடிபட்ட என் ரூம்மேட்டுக்கு மட்டும் மதிப்பீட்டு நோட்டீஸ் (இழப்பீடு எவ்வளவு என்று சொல்லும் கடிதம்) வந்துவிட்டது, 3 சதவீதம்தான் போட்டிருக்கிறார்கள். குறைவு என்று நினைக்கிறான். வக்கீல் பிடிக்க வேண்டுமா?

பதில்: வக்கீல் இல்லாமலே ஆட்சேபம் போடலாம். ஆனால் நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 14 நாள்தான். கடிதத்தின் மேலே உள்ள தேதியை இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். எத்தனையாவது நாள் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.