பி.ஏ. வரலாறு, கடலூர்: இன்டர்ன்ஷிப் கேட்டு மெயில் போட்டும் பதிலே இல்லை

அதே மெயிலைத் திரும்ப அனுப்பாதீர்கள், மாற்றி எழுதுங்கள். எந்தப் பிரிவு, என்ன வேலை, எந்தத் தேதி முதல் எதுவரை: மூன்றும் முதல் இரண்டு வரியிலேயே வந்துவிட வேண்டும்.

நீங்கள் இங்கே போட்டிருக்கும் மெயிலில் "எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன்" என்று இருக்கிறது. பெரும்பாலும் அதுதான் காரணம். உள்ளே எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று தெரியாமல் மெயில் அப்படியே கிடக்கும்.

புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சைவ ஓலைச்சுவடிகள் (2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தவை), கோயில் புகைப்படங்கள், சூழலியல் என்று தனித்தனி உலகம். "கோயில் புகைப்படங்களுக்கு விவரக்குறிப்பு தயாரிக்க உதவ விருப்பம், மே 5 முதல் 23 வரை, தமிழ்த் தட்டச்சு நன்றாக வரும்" என்று எழுதினால் போக வேண்டிய மேசைக்குப் போகும். அந்தச் சுவடிகளில் பெரும்பாலும் இருக்கும் கிரந்தம் (தமிழ்நாட்டில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட எழுத்து) படிக்க வராதென்றால் சுவடிப் பக்கம் இப்போதைக்கு வேண்டாம்.

அனுப்பும் முன் வரலாறு படிக்காத நண்பர் ஒருவரிடம் காட்டுங்கள். என்ன வேலை, எத்தனை நாள் என்று அவரால் சட்டென்று சொல்ல முடியாவிட்டால் மறுபடி எழுத வேண்டியதுதான். துறைத்தலைவர் கடிதத்தையும் இணையுங்கள். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன் என்று ஒரு வரி சேர்த்தால், தங்க இடம் கேட்பாரோ என்ற தயக்கம் அவர்களுக்கு இருக்காது.

உதவித்தொகையை நம்பி இறங்காதீர்கள். அப்புறம், பணம் கட்டினால் சான்றிதழ் தரும் ஆன்லைன் இன்டர்ன்ஷிப் பக்கமே போகாதீர்கள். பி.எட். சேர்வதா என்று கேட்டிருந்தீர்கள்; பக்கத்துப் பள்ளியில் ஒரு வாரம் வகுப்பைக் கவனிக்க அனுமதி கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.