மறு: மூளைக்காய்ச்சல் தடுப்பூசி ஆய்வில் யாருக்கும் நோயே வரவில்லையே, ஊசி வேலை செய்கிறதென்று எப்படிச் சொன்னார்கள்?

நோய் வந்தவர்களை அவர்கள் எண்ணவில்லை. ரத்தத்தில் உருவான எதிர்ப்பாற்றலைத்தான் அளந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளான மாலி, காம்பியாவில் நடந்த, நீங்கள் கேட்ட ஐந்துவகை ஊசி (மூளைக்காய்ச்சல் கிருமியின் ஐந்து வகைகளைத் தடுப்பது) ஆய்வில் 2 முதல் 29 வயது வரை 1,800 பேர். மூளைக்காய்ச்சல் அரிது, நோய் வந்தவர்களை எண்ணிப் பலனைக் காட்ட இந்த ஆள்பலம் போதாது. தவிர, அவ்வப்போது அது கொள்ளைநோயாகப் பரவும் ஊரில் பிள்ளைக்கு வெறும் உப்புநீர் ஊசி போட யார் சம்மதிப்பார்கள்?

ஊசி போட்ட 28ஆம் நாள் ரத்தத்தின் சீரத்தை (ரத்த அணுக்களை நீக்கிய தெளிநீரை) நீர்க்க நீர்க்கச் செய்து, உயிருள்ள கிருமியோடும் முயல்குட்டிச் சீரத்தோடும் கலப்பார்கள். எவ்வளவு நீர்த்தும் பாதிக் கிருமி சாகிறது என்பதுதான் கணக்கு.

ஆய்வுக் கட்டுரையில் முதன்மை அளவீட்டைப் பாருங்கள். புழக்கத்தில் இருந்த நான்குவகை ஊசியோடு ஒப்பீடு இருக்கும்.

ஐந்தில் ஒன்றான எக்ஸ் வகைக் கிருமிக்கு மட்டும் ஒப்பிட அப்போது ஊசியே கிடையாது. பழைய நான்குவகை ஊசி மற்ற வகைகளில் காட்டிய மிகக் குறைந்த பலனை அளவுகோலாக வைத்தார்கள். அந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.